ஐயாயிரம் வெள்ளிக்கு இருட்டு

என் கார் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் அதை ஓட்டிப்போனால், முன்விளக்கு எரிகிறது என்று நான் நம்பித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய்க் கண்ணாடியில் கை வைத்தால் சுடும். எரிவதற்கு அதுதான் அத்தாட்சி. வீட்டுச் சாமியறையில் என் மனைவி ஏற்றும் காமாட்சி விளக்குக்கு இதைவிட வீரியம் அதிகம்.

அந்தச் சாலையைத் தெரியாத புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்துக் கண்டெய்னர் லோரிகள் இரவு பகல் பார்க்காமல் உழும் பூமி அது. மழை பெய்துவிட்டால் குழியும் சாலையும் ஒரே நிறம், ஒரே மட்டம். தேசிய ஒற்றுமைக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. ஓரத்தில் விளக்குக் கம்பம் உண்டு. கம்பத்தின் உச்சியில் விளக்கும் உண்டு. இரண்டுக்கும் உயிர் கொடுக்க வேண்டிய கேபிளைத்தான் எவனோ வெட்டி எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் செம்பு விலைக்குப் போட்டுவிட்டான். இருட்டில் கம்பம் நிற்பதும் தெரியாது என்பதால் அதையும் சேர்த்தே கவனித்து ஓட்ட வேண்டும்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம், அங்கே எனக்கு முன்னால் ஒரு பையன் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தான். குழியைப் பார்த்துச் சடாரென்று வலது பக்கம் ஒதுங்கினான். அவன் ஒதுங்கியதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய தூரத்துக்கு என் வெளிச்சம் போகவே இல்லை. பிரேக்கை மிதித்து நின்றபோது அவனுடைய பின் டயருக்கும் என் பம்பருக்கும் நடுவே இரண்டு அடி. அவன் திரும்பிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். முழுக்க நியாயமான வார்த்தை.

வீட்டுக்கு வந்து, விளக்கைச் சரிசெய்யாமல் இனி ராத்திரியில் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். இந்த நாட்டில் ஒருவன் இப்படி முடிவெடுத்தால் முதலில் செய்வது பல்பை மாற்றுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். கைப்பேசியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் என் அக்கா மகன்.

“கவலைய விடுங்க மாமா. எல்இடி போட்டுறலாம். ஜோடி நாப்பத்தொம்போது வெள்ளி. ஃப்ரீ ஷிப்பிங்.”

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. மேலே 200 வாட், 40,000 லூமன் என்று அச்சடித்திருந்தது. இஸ்வாராவில் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு, 60/55 வாட். தாழ்வெளிச்சத்துக்கு 1,000 லூமன், உயர்வெளிச்சத்துக்கு 1,650 என்பதுதான் அதற்கு உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆக, நாற்பது பல்பின் வெளிச்சத்தை ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் அடைத்து நாற்பத்தொன்பது வெள்ளிக்கு வீட்டுவாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். தேர்தல் அறிக்கைக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் அதிகப் பொய் அச்சாகும் இடம் பல்புப் பெட்டிதான். பெட்டியின் மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்து. ஐநா விதிப்படி ஏதோ ஒரு நாடு அந்தப் பொருளைச் சோதித்து ஒப்புதல் தந்தது என்பதற்கு அடையாளம் அது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நாட்டின் எண் இருக்க வேண்டும். மலேசியாவுக்கு 52. என் பெட்டியில் எழுத்து இருந்தது, எண் இல்லை. அப்பன் பெயர் எழுதாத பிறப்புப் பத்திரம்.

அன்றிரவே மாட்டினோம். விளக்கைப் போட்டதும் தாமான் முழுக்கப் பால் காய்ச்சி ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. அக்கா மகன் கைதட்டினான். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பாட்டி விடிந்துவிட்டது என்று எழுந்து வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டார். மணி பத்தரை.

பாட்டியின் மாடி ஜன்னல் வரை போன வெளிச்சம் ரோட்டில் எங்கே என்று தேடினேன். காருக்கு முன்னால் பத்தடிக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் பழைய இருட்டு அப்படியே இருந்தது. காரணம் ரொம்ப எளிது. எச்4 பல்புக்குள் தாழ்வெளிச்சக் கம்பிக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால்தான், பின்னாலிருக்கும் கண்ணாடிக் குழிவு அதை மேலே திருப்பி எதிரில் வருபவன் கண்ணில் அடிக்காமல் இருக்கிறது. அந்தக் கம்பி எந்த இடத்தில் நிற்கும் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத்தான் குழிவை வளைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கம்பிக்குப் பதிலாகப் பட்டையான சில்லு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் வெளிச்சம் போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது. மரத்துக்குப் போகும், மாடிக்குப் போகும், எதிரே வருகிற மோட்டார்காரன் கண்ணுக்குள் போகும்.

ஜெர்மனியில்கூட மாற்று எல்இடி பல்பு இப்போது உண்டு. 2020இலிருந்து அனுமதிக்கிறார்கள். இன்ன கார், இன்ன ஆண்டு, இன்ன விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் உள்ள காருக்கு மட்டும். நம் அக்கா மகன்களுக்குப் பட்டியல் தேவையில்லை. “ஓட்டை பொருந்துதா, மாட்டு.”

“எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசுமேடா?”

“அவனும் போட்டுக்கட்டும் மாமா.”

கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசியல் சாசனத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. எனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எதிரே வருபவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஃபெடரல் ஹைவேயில் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். முன்னால் ஒருத்தன் விளக்கு கண்ணைப் பறிக்கிறது, பின்னால் ஒரு பிக்கப் முதுகில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பொசுக்குகிறது. எல்லாரும் எல்லாரையும் குருடாக்கிவிட்டு, மணிக்கு 110 கிலோமீட்டரில், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் என்று போய்க்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலையில் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்தி வராத எச்ஐடி விளக்கு, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு இவற்றை மாட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நல்ல சட்டம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை அதன் பக்கத்து வீட்டுச் சட்டத்தோடு.

2019 மே 8ஆம் தேதி கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டும் விதியை மாற்றினார்கள். முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், முன் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு. பின்னால் எவ்வளவு கறுப்பானாலும் சரி, அமாவாசையையே ஒட்டிக்கொள்ளலாம். முன்னாலும் அந்த அமாவாசை வேண்டும் என்பவர் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்தார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 50 வெள்ளி. அனுமதி கிடைத்தால் 5,000 வெள்ளி. இரண்டு வருஷத்துக்குச் செல்லும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கூடுதல் வெளிச்சம் கேட்பவன் குற்றவாளி. கூடுதல் இருட்டு கேட்பவர் வாடிக்கையாளர். அவருக்கு ரசீது உண்டு. மாதக் கணக்குப் போட்டால் 208 வெள்ளி வருகிறது. நான் என் வீட்டு வெளிச்சத்துக்குக் கட்டுவதைவிட, அவர் காருக்குள் இருட்டுக்குக் கட்டுவது அதிகம். காசுள்ளவனுக்குத்தான் ஆபத்து வரும், இல்லாதவனைக் கொல்ல எவன் வரப்போகிறான் என்ற கருணையோடு போட்ட கட்டணம். அந்தக் கறுப்புக்குள் உட்கார்ந்து ராத்திரியில் ஓட்டுகிறவருக்குச் சாலை எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் விளக்கைக் கூட்டுவார். கூட்டிய விளக்கில் எனக்குக் கண் கூசும். நான் கறுப்பு ஒட்டலாம் என்று பார்ப்பேன். என்னிடம் 5,000 இல்லை.

சாலைப் போக்குவரத்துத் துறைக்கு என்னுடைய தாழ்மையான யோசனை ஒன்று உண்டு. வெறும் கார் எண்ணையே ஏலம் விட்டுக் காசு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு லூமனை ஏலம் விடத் தெரியாதா? ‘கண் கூசவைக்கும் உரிமம்’ என்று ஒன்று கொண்டுவரலாம். வெள்ளி அட்டைக்காரர் எதிரே வரும் மோட்டாரை மட்டும் குருடாக்கலாம். தங்க அட்டைக்காரர் சின்னக் காரையும் சேர்த்து. பிளாட்டினம் அட்டை என்றால் பேருந்து, லோரி, பாதசாரி, ஐந்தடி உயரத்துக்குள் உள்ள பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும். மூத்த குடிமக்களுக்கு இருபது விழுக்காடு கழிவு. மலேசிய தினத்தன்று ஒருநாள் எல்லாருக்கும் இலவசம்.

சரி, என் காருக்கு வருவோம்.

மேரு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வயரிங் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். தோட்டத்தில் லோரி வயரிங் பார்த்துத் தொழில் படித்தவர். தோட்டம் வீடமைப்பாக மாறிய பிறகு அதே தோட்டத்து ஆட்களின் கார்களைப் பார்க்கிறார். பல்பு வேண்டும் என்று போனேன். பல்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போடச் சொன்னார்.

“பேட்டரில எவ்வளவு காட்டுது தம்பி?”

“பதிமூணு எட்டு.”

“லைட்டு பிளக்குல வையி. இப்ப?”

“பதினொண்ணு எட்டு.”

“ரெண்டு வோல்ட்ட எவன் தின்னான்?”

அந்தக் கேள்வியை அவர் சத்தமாகக் கேட்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தனக்குத்தானே முனகுவது மாதிரி கேட்டார்.

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து அவர் ஒவ்வொன்றாக உருவிப்போட்டதைப் பார்த்தபோது எனக்கே அவமானமாக இருந்தது. எனக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர்கள் மாட்டிய அலாரம், அதைக் கழற்றாமலே நான் மாட்டிய இன்னொரு அலாரம், கேசட் ரேடியோவுக்கு ஒரு வயர், அந்த ரேடியோ செத்தபின் சிடி ரேடியோவுக்கு ஒரு வயர், எதற்கென்றே தெரியாமல் எங்கும் போய்ச் சேராத ஒரு மஞ்சள் வயர். எல்லாமே தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியவை. அந்த டேப் வருஷக் கணக்கான வெயிலில் உருகி, மாம்பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. ஓர் இணைப்பில் டேப்பே இல்லை. மிட்டாய்த் தாளைச் சுற்றியிருந்தான் ஒரு மகான். விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவினால் செம்பு இல்லை, பச்சைப் பாசி இருந்தது. எர்த்து வயர் துருப்பிடித்த தகரத்தில் திருகப்பட்டிருந்தது. விளக்குச் சுவிட்சின் பின்பக்கப் பிளக் கருகி, வெந்த வேர்க்கடலை நிறத்தில் இருந்தது.

“பல்பு என்னா செய்யும் தம்பி? அதுக்கு வந்து சேர்றதத்தான அது எரிக்கும்.”

இரண்டு வோல்ட் பெரிய நஷ்டமா என்று நானும்தான் நினைத்தேன். ஹாலஜன் பல்பின் குணம் அப்படி இல்லை. மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். 1,000 லூமன் என்பது 13.2 வோல்ட் கிடைத்தால் வரும் கணக்கு. 11.8 மட்டும் கிடைத்தால் 700கூடத் தேறாது. பத்து விழுக்காடு வழியில் களவு போனால், போய்ச்சேரும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. (இதற்கு மருந்தாக 130/100 வாட் பல்பை வாங்கி மாட்டும் வீரர்களும் உண்டு. ஏற்கெனவே மூச்சு வாங்கும் வயரின் தலையில் இன்னொரு மூட்டை. பிளக் உருகும், சுவிட்ச் கருகும், நேரம் சரியில்லை என்றால் கார் கொள்ளிக்கட்டையாகும். அன்றைக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்.)

ரெண்டு வோல்ட்டை எவன் தின்றான்? அண்ணன் காருக்குக் கேட்ட கேள்வி அது. பசியாறிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு வேறு வயர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இந்திய சமுதாயத்தை உயர்த்த 2014இல் செடிக் என்று ஒரு பல்பு மாட்டினார்கள். 2018இல் ஆட்சி மாறியது, அதைக் கழற்றி மித்ரா என்று புதுப் பல்பு மாட்டினார்கள். ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி. பேட்டரியில் மீட்டர் வைத்தால் அமோகமாகக் காட்டுகிறது. 2021இல் பணம் எங்கே போனது என்று ஊழல் தடுப்பு ஆணையமே வந்து தோண்டியது. பிறகு அந்தப் பல்பைப் பிரதமர் துறையிலிருந்து ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும், அங்கிருந்து மறுபடி பிரதமர் துறைக்கும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். இடம் மாற்றினால் எரியும் என்பது ஒரு நம்பிக்கை. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு அடுக்குமாடியின் பதினாலாவது மாடிக்குப் போக, ஓடாத லிப்டுக்குக் கீழே நிற்கும் கிழவியிடம் யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா? நடுவில் எத்தனை முறுக்கு, எத்தனை கறுப்பு டேப், எத்தனை மிட்டாய்த் தாள்!

நாட்டுக்கே பல்பு மாற்றுவதுதான் வேலை. 1991இல் வாவாசான் 2020. 2009இல் ஒரே மலேசியா. 2021இல் மலேசியக் குடும்பம். 2023இல் மடானி. ஒவ்வொன்றுக்கும் புதுச் சின்னம், புதுப் பதாகை, புதுப் பாட்டு. ஒவ்வொரு புதுப் பல்பும் பழசைவிட வெள்ளையாக, பெட்டியில் பழசைவிட அதிக லூமனோடு வந்தது. காப்பார் சாலையில் கம்பத்துக்குள் கேபிள் மட்டும் வரவில்லை.

அண்ணனின் வைத்தியம் மூன்று மணி நேரம் எடுத்தது. இரண்டு ரிலே, ஒரு பியூஸ், புதுத் தடித்த கேபிள். விளக்கு இரண்டுக்கும் தேவை சுமார் ஒன்பது ஆம்பியர். அத்தனையும் பேட்டரியில் கிளம்பி, டேஷ்போர்டுக்குள் நுழைந்து, சுவிட்சின் மெல்லிய தகட்டைக் கடந்து, திரும்ப வெளியே வந்து விளக்கைச் சேர வேண்டும் என்பதுதான் என் காரில் இருந்த ஏற்பாடு. ரிலே போட்டால் சுவிட்ச் கால் ஆம்பியருக்கும் குறைவாக ஒரு சைகை காட்டினால் போதும். 85, 86 எண் கால்களுக்கு அந்தச் சைகை வரும், 30இல் பேட்டரி, 87இல் விளக்கு. சைகை வந்ததும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு பியூசையும் அந்த ஒரு ‘டக்’கையும் தவிர வேறு தரகன் கிடையாது. எர்த்தையும் துருவைச் சுரண்டி, புது வயரில், பேட்டரிக்கே கொண்டுபோய்க் கட்டினார். மீட்டர் 13.4 காட்டியது. பல்பு அதே பழைய எச்4. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 130 வெள்ளி, இரண்டு தே தாரே.

அதோடு அவர் விடவில்லை. கடைக்கு எதிரே மூடிக் கிடந்த கிடங்கின் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தச் சொன்னார். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 62 சென்டிமீட்டர். சுவரில் 52இல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் படியும்வரை விளக்குக்குப் பின்னாலுள்ள திருகைத் திருப்பினார். இடது ஓரம் மட்டும் சற்றே மேலே ஏறியது. ஓரத்தில் நடப்பவன் தெரிவதற்கு. வலது பக்கம் தட்டையாக நின்றது; எதிரில் வருபவனுக்குக் கூசாமல் இருப்பதற்கு. “இவ்வளவுதான். நமக்கும் தெரியணும், அவனுக்கும் தெரியணும்” என்று சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். அவருக்கு மந்திரி பதவி கொடுக்க யாருக்கும் தோன்றாது.

நான் இந்தக் காரை வாங்கியது 2003இல். பெயர் மாற்றத்துக்காக அப்போது ஒரு தடவை சோதனைக்குப் போனது. அதற்குப் பிறகு இன்றுவரை எவரும் இந்த விளக்கைப் பார்த்ததில்லை; பார்க்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. விற்றால்தான் சோதனை. விற்காதவரை அது ஒரு பக்கம் வானத்தையும் ஒரு பக்கம் சாக்கடையையும் பார்த்துக்கொண்டு கேட்பாரில்லாமல் ஓடலாம். 1994இலிருந்து முப்பது வருஷம் இந்தச் சோதனைத் தொழில் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது, 2024இல்தான் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். அக்டோபர் 2009இல் பதினைந்து வயதான கார்கள் ஆண்டுதோறும் சோதனைக்கு வந்தால்தான் சாலை வரி என்று அறிவித்தார்கள். நாடே கொதித்தது, சீக்கிரமே சுருட்டி வைத்துவிட்டார்கள். கொதித்தவர்களில் நானும் ஒருவன். மறைக்க என்ன இருக்கிறது? அப்போது என் கண்ணுக்கு அது பழைய காரைப் பிடுங்கிப் புதுக் கார் விற்கும் தந்திரமாகவே பட்டது. அந்தச் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. அதே வருஷம் மார்ச்சில்தான், பத்து வயதுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துத் தேசியக் கார் வாங்கினால் 5,000 வெள்ளி என்றார்கள். இப்போது 2026 பட்ஜெட்டில் இருபது வயதுக் காரை நசுக்கக் கொடுத்தால் 4,000 வரை என்கிறார்கள். சாமான் விலையெல்லாம் ஏறிய காலத்தில், என் கார் ஒன்றுதான் ஆயிரம் வெள்ளி இறங்கியிருக்கிறது. கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு ஒன்பது வருஷம் வங்கிக்குத் தவணை கட்டலாம். 130 வெள்ளிக்கு ரிலே போட்டுக்கொள் என்று சொல்ல மட்டும் எந்த பட்ஜெட்டிலும் இடமில்லை.

என் இஸ்வாராவின் மூத்த அண்ணன் சுகமாக இருக்கிறார். 1985 ஜூலை 9ஆம் தேதி ஷா ஆலாமில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடக்கிற தூரம். ஓடாத கார். மேலே நல்ல விளக்கு. ஓடுகிற அதன் தம்பிகளெல்லாம் கேபிள் களவுபோன சாலையில் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

வாரத்தில் மூன்று நாள் எனக்கு பிரிக்பீல்ட்ஸில்தான் வேலை. 2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்த தெரு. 2015இல் மறுபடியும் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து தோரண வாயிலைத் திறந்தார்கள். வளைவுக்கு வண்ணம், கம்பத்துக்குப் பூ, தீபாவளிக்குச் சரவிளக்கு. வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. அதே வட்டாரத்தில்தான் 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. அவர்கள் நடப்பதற்காக நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுமேடான ஓடு பதித்திருக்கிறார்கள். அந்த ஓட்டின் மேல் மோட்டார் நிற்கும், பூக்கடைப் பெஞ்சு நிற்கும், அப்பளக் கட்டு நிற்கும்.

சென்ற மாதம் ஓர் இரவு, அந்த ஓட்டின் மேல் இரண்டு சக்கரத்தை ஏற்றிவைத்து ஒரு கார் நின்றது. அந்த நாற்பத்தொன்பது வெள்ளி ஜாதி விளக்கு, முழுசாக எரிகிறது. உள்ளே இருப்பவர் தோசைப் பொட்டலத்துக்குக் காத்திருக்கிறார். எதிரே நடந்தவர்கள் எல்லாரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிச் சாலையில் இறங்கினார்கள். வெள்ளைத் தடியோடு ஒருவர் மட்டும் நேராக வந்தார். தடி பம்பரில் பட்டது. இரண்டு தட்டுத் தட்டினார். “பாஸ், இது மஞ்சக் கோடு” என்றார். உள்ளிருந்தவர் ஹாரன் அடித்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார். நம் ஆட்கள், நம் தெரு, நம் பண்டிகை என்று மார்தட்டும் இடத்தில், அந்த மனிதருக்காகப் பதித்த ஓரடி அகலப் பாதையை ஒரு தோசை நேரத்துக்குக்கூட விட்டுத்தர நமக்கு மனமில்லை. அரசாங்கத்தைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம். அந்தக் காரின் பின் கண்ணாடியில் முருகன் படம் ஒட்டியிருந்தது.

இந்த நாட்டுக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1992 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட வேண்டும் என்று விதி போட்டார்கள். புதுப் பல்பு வேண்டாம், சின்னம் வேண்டாம், பாட்டு வேண்டாம்; இருக்கிற சின்ன விளக்கு எரிந்தால் போதும். சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மற்றவர் கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்து சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. ஆக, விளக்கு எதற்கு என்று நமக்கு முப்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே 2022இல் 6,080 பேரைச் சாலையில் கொடுத்தோம். அவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் போனவர்கள். பல பேருடைய வண்டியில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். எதிரில் வந்த பெரிய விளக்கில் அது தெரியாமல் போயிருக்கும்.

ரிலே போட்ட மூன்றாவது வாரம், சாலைத் தடுப்பு ஒன்றில் என்னை நிறுத்தினார்கள். எந்த இடம், எந்தச் சீருடை என்பதெல்லாம் வேண்டாம். நின்றவர் இளைஞர். என் முகத்தில் டார்ச்சு அடித்தார். நல்ல டார்ச்சு, எல்இடி. பானெட்டைத் திறக்கச் சொன்னார். புதுக் கேபிளையும் இரண்டு கறுப்புப் பெட்டியையும் பார்த்தார்.

“இனி அபா, அங்கள்?”

“ரிலே.”

“மோடிபிகாசி?”

“வயர் மட்டும்தான். பல்பு ஒரிஜினல்.”

“அப்ரூவல் அடா?”

முப்பது வருஷத்துப் பச்சைப் பாசிக்கும் மிட்டாய்த் தாளுக்கும் யாரும் கேட்காத அப்ரூவல். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து சாலை நீலமும் வெள்ளையுமாக வெட்டி வெட்டி மின்னியது. கண்ணாடி நான்கும் கன்னங்கரேல் என்று ஒரு பெரிய வண்டி, முன் கிரில்லுக்குள் ஸ்டிரோப் விளக்கு. போலீஸ் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. யாரோ ஒரு ‘டத்தோ’வாக இருக்கலாம், ‘டத்தோ’வின் மைத்துனனாகவும் இருக்கலாம். தம்பி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, கூம்பை நகர்த்தி வழிவிட்டார். வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தவர், என் காருக்கு முன்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்று விளக்கைப் போடச் சொன்னார். போட்டேன். உள்ளே ‘டக்’ என்றது. அவருடைய பூட்ஸ் தெரிந்தது, பூட்ஸில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது, பக்கத்துப் புல்லில் கிடந்த தண்ணீர்ப் போத்தல் தெரிந்தது. வெளிச்சம் அவர் முழங்காலோடு நின்றுவிட்டது. முகம் இருட்டில் இருந்தது.

“லைட்டு மங்கல் லா, அங்கள்” என்றார். “எல்இடி போடுங்க.”